'இவன் ஏன் இப்படி மாறிட்டான்?': டீன் ஏஜில் பிள்ளைகளின் சுயமதிப்பும் அடையாளமும் உருவாவது எப்படி?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்விகள் கேட்கும். "எவ்வளவு மார்க்?", "எந்த குரூப் எடுக்கப் போற?"

பதில் சொல்ல வேண்டியவருக்கு வயது 15. மாமாவும் பக்கத்து வீட்டு அத்தையும் சாதாரணமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் முதல் கேள்வி அந்தப் பிள்ளையின் காதில் "உனக்கு என்ன மதிப்பு?" என்று விழுகிறது. இரண்டாவது கேள்வி "நீ யாரு?" என்று விழுகிறது. பதில் சொல்லாமல் ரூமுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டால், "திமிர் ஏறிடுச்சு" என்று ஒரு பட்டம் வேறு.

உனக்கு என்ன மதிப்பு, நீ யார் என்ற இந்த இரண்டு கேள்விகளைத்தான் உளவியல் சுயமதிப்பு, அடையாளம் என்ற பெயர்களில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இரண்டுக்கும் பதில் கிடைக்க வருடக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தினால் என்ன நடக்கிறது என்பதை நம்ம ஊரிலேயே பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு வருவோம்.

சுயமதிப்பு, அடையாளம், ஆளுமை: மூன்றும் ஒன்றா?

இல்லை. பேச்சு வழக்கில் மூன்றையும் கலந்துவிடுகிறோம்.

"நான் பரவாயில்லாத ஆளுதான்" என்று ஒருவர் தன்னைப் பற்றி உள்ளுக்குள் நினைப்பது சுயமதிப்பு. "நான் இன்னார், எனக்கு இது முக்கியம், நான் இந்தப் பக்கம்" என்பது அடையாளம். ஒருவர் கூச்ச சுபாவியா, கலகலப்பானவரா, சொன்ன நேரத்துக்கு வேலையை முடிப்பவரா, சட்டென்று பதறுபவரா என்பதெல்லாம் ஆளுமை. மார்க் குறைந்ததும் ஒரு பையன் இடிந்துபோனால் அடி விழுந்தது சுயமதிப்பில். "டாக்டர் ஆகலைன்னா நான் வேற யாரு?" என்று குழம்பினால் அது அடையாளச் சிக்கல். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. மூன்றும் வேகமாக உருமாறும் காலம் இது.

13, 14 வயதில் அப்படி என்ன ஆகிறது?

உடம்பு மாறுகிறது, ஹார்மோன் வேலை செய்கிறது. இது எல்லாருக்கும் தெரியும். யோசிக்கும் விதமும் கூடவே மாறுகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

எட்டு வயதுக் குழந்தையிடம் "நீ எப்படி?" என்று கேட்டால், "நான் வேகமா ஓடுவேன், எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்" என்று சொல்லும். தன்னைத் தள்ளி நின்று பார்க்கும் திறன் அப்போது அதிகம் இருக்காது. 14 வயதில் அந்தத் திறன் வந்துவிடுகிறது. "வீட்ல நான் வாயே திறக்க மாட்டேன். கிளாஸ்ல நான்தான் எல்லாரையும் கலாய்ப்பேன். இதுல எது நிஜமான நான்?" என்ற கேள்வி அப்போதுதான் முளைக்கிறது.

சூசன் ஹார்ட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஏழு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் இதை ஆராய்ந்தார். தங்களுக்குள் இருக்கும் முரண்பாடுகள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அது நன்றாகவே தெரிந்தது, தொந்தரவும் செய்தது. பதினொன்றாம் வகுப்பு வாக்கில் "இடத்துக்கு ஏத்த மாதிரி இருக்குறது சகஜம்தானே" என்ற பக்குவம் வர ஆரம்பித்திருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் அதிகம் புகார் வருவது தற்செயல் இல்லை என்றே தோன்றுகிறது.

'எல்லாரும் என்னையேதான் பார்க்குறாங்க'

முகத்தில் ஒரே ஒரு பரு வந்ததற்காக "ஸ்கூலுக்கு லீவு போடறேன்" என்று அடம்பிடிக்கும் பெண், தலைமுடி சரியாக நிற்கவில்லை என்று அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்கும் பையன். இவர்களை எல்லா வீடுகளுக்கும் தெரியும்.

டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பதின்பருவத்தினர் மேடையில் நிற்பது போலவும், சுற்றிலும் ஒரு கூட்டம் தங்களையே உற்றுப் பார்ப்பது போலவும் உணர்கிறார்கள் என்றார். அவர் அதைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று அழைத்தார்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு சோதனை 2000-ல் வெளியானது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். இப்படிப் போய் வந்தவர்கள் "பாதிப் பேராவது கவனிச்சிருப்பாங்க" என்றார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். கல்லூரி வயதிலேயே இப்படி என்றால் 14 வயதில் கேட்கவா வேண்டும்?

ஆனால் எல்கைண்ட் காலத்தில் அந்தக் கூட்டம் வெறும் கற்பனை. இன்று போன் வழியாக அது நிஜமாகவே பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள், ரீல்ஸுக்கு எத்தனை லைக் என்று எண்ணிச் சொல்லிவிடுகிறது. "யாரும் உன்னைக் கவனிக்கலடா" என்று ஆறுதல் சொன்னால், இப்போதைய பிள்ளைகள் எண்ணிக்கையைக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

டீன் ஏஜில் சுயமதிப்பு விழுந்துவிடுமா?

அப்படித்தான் ரொம்ப நாளாக நம்பப்பட்டு வந்தது. 2018-ல் உல்ரிச் ஆர்த் தலைமையிலான குழு, 1,60,000-க்கும் மேற்பட்டவர்களைக் காலப்போக்கில் பின்தொடர்ந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சராசரியாக 4 வயது முதல் 11 வயது வரை சுயமதிப்பு உயர்கிறது. 11 முதல் 15 வரை பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் நிற்கிறது. அதன்பிறகு 30 வயது வரை நன்றாகவே ஏறுகிறது. உச்சத்தைத் தொடுவது 60 வயதில்!

ஆக, டீன் ஏஜ் என்றாலே தன்னம்பிக்கை சரிந்துவிடும் என்பது பொதுவிதி இல்லை. ஆனால் இது சராசரிக் கணக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை அந்தச் சராசரியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 11 முதல் 15 வரை ஏற்றம் நின்றுபோகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எதை வைத்துப் பிள்ளைகள் தங்களை எடைபோடுகிறார்கள்? படிப்பு, நண்பர்கள், விளையாட்டு, நடத்தை, தோற்றம் என்று பல விஷயங்களை ஹார்ட்டர் தனித்தனியாக அளந்தார். ஒட்டுமொத்த சுயமதிப்போடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தது தோற்றம்தான். "என் முகம் எனக்குப் பிடிக்கல" என்று சொல்லும் பிள்ளையிடம், "படிக்கிற வயசுல உனக்கு எதுக்கு அழகு?" என்று மடக்குவது ஏன் எடுபடுவதில்லை என்று இப்போது புரிகிறதா?

நம்ம ஊரில் இதில் தோல் நிறமும் சேர்ந்துகொள்கிறது. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். அந்த "இருந்தாலும்" என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் குழந்தை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வர. ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை 2020-ல் எடுத்துவிட்டது. வீட்டுப் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை.

மார்க் விஷயத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல முடிவை எடுத்தது. 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தை 2017-ல் அரசு நிறுத்தியது. முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களின் போட்டோ வெளியாகும் நாளில், மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகளின் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அறிவிப்பு நின்றாலும் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ரேங்க் பட்டியல் தொடர்கிறது, அது வேறு கதை.

அப்போ பாராட்டிக்கொண்டே இருந்தால் போதுமா?

கலிஃபோர்னியா மாநில அரசு இதைப் பெரிய அளவில் யோசித்துப் பார்த்தது. ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1986-ல் சுயமதிப்புக்கென்றே ஒரு அரசுக் குழு அமைக்கப்பட்டது. சுயமதிப்பை உயர்த்தினால் படிப்பு முதல் குற்றம் வரை பல பிரச்னைகள் குறையும் என்பது நம்பிக்கை. அதன்பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் புகழ்ந்து தள்ளும் ஒரு அலையே அடித்தது.

2003-ல் ராய் பாமிஸ்டரும் மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். சுயமதிப்பை உயர்த்துவதால் மார்க் உயர்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகச் செய்வதால் சுயமதிப்பு உயர்கிறது என்பதற்குத்தான் அதிக வாய்ப்பு என்றார்கள். மாட்டையும் வண்டியையும் மாற்றிக் கட்டிய கதைதான்.

எப்படிப் பாராட்டுகிறோம் என்பதும் முக்கியம். 1998-ல் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்து எளிதான கணக்குகள் பக்கம் சாய்ந்தார்கள். "நல்லா முயற்சி செஞ்சிருக்க" என்று கேட்டவர்கள் கஷ்டமானதை எடுத்துப் பார்க்கத் தயங்கவில்லை. புத்திசாலி என்ற பட்டம் கிடைத்தவருக்கு அதைக் காப்பாற்ற வேண்டிய சுமை வந்துவிடுகிறது.

இன்னொரு பழைய ஆய்வும் பெற்றோருக்கு உபயோகமாக இருக்கும். சுயமதிப்பை அளக்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் 10 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கியவர் மாரிஸ் ரோசன்பெர்க். நியூயார்க் மாநிலத்தில் சுமார் 5,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அவர் நடத்திய ஆய்வு 1965-ல் புத்தகமாக வந்தது. பிள்ளையின் நண்பர்களைத் தெரிந்து வைத்திருக்கும், சாப்பிடும்போது பிள்ளையின் பேச்சைக் கேட்கும் வீடுகளில் சுயமதிப்பு அதிகமாக இருந்தது. எதிலும் அக்கறை காட்டாத வீடுகளின் பிள்ளைகளிடம் அது குறைவாக இருந்தது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

'நான் யார்?' என்று கேட்டவரின் கதை

அடையாளம் என்ற சொல்லை உளவியலில் இவ்வளவு முக்கியமாக்கியவர் எரிக் எரிக்சன். அவருடைய வாழ்க்கையே இந்தப் பாடத்துக்கு உதாரணம்.

1902-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். அம்மா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தந்தை யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அம்மா மறுமணம் செய்துகொண்ட ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரின் பெயரோடு வளர்ந்தார். பொன்னிற முடி, நீலக் கண்கள். பள்ளியில் அவரை யூதன் என்று ஒதுக்கினார்கள். யூத வழிபாட்டிடத்திலோ, நம்ம ஆளு மாதிரி இல்லையே என்று கேலி செய்தார்கள். எந்தப் பக்கமும் சேராத பிள்ளை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியில் சேரவில்லை. ஓவியம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் சில வருடங்கள் சுற்றினார். நம்ம ஊராக இருந்தால் "உருப்படாம போயிட்டான்" என்று முடித்திருப்பார்கள். 1927-ல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்து, அங்கே சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டிடம் பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்கா போய் 1939-ல் குடியுரிமை பெற்றபோது பெயரை எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் என்று பொருள். தனக்குத் தானே அப்பா!

பதின்பருவத்தின் முக்கிய வேலையே "நான் யார்?" என்பதைத் தேடுவதுதான், அந்தத் தேடலுக்குச் சமூகம் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று எரிக்சன் எழுதினார்.

1966-ல் ஜேம்ஸ் மார்சியா இதை இன்னும் தெளிவாக்கினார். கல்லூரி மாணவர்களிடம் வேலை, மதம், அரசியல் பற்றிப் பேசி இரண்டு விஷயங்களைப் பார்த்தார்: இவர் தேடிப் பார்த்தாரா? ஒரு முடிவுக்கு வந்தாரா? சிலர் தேடவும் இல்லை, முடிவும் இல்லை. சிலர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் தேடி முடிவுக்கு வந்திருந்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது நான்காவது வகை. தேடவே இல்லை, ஆனால் முடிவு கையில் இருக்கிறது. அது அப்பா சொன்ன முடிவு, ஊர் சொன்ன முடிவு.

"ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தாத்தான் மதிப்பு" என்று சேர்த்துவிடப்படும் பிள்ளைகளில் பலர் இந்த நான்காவது வகைதான். வெளியில் இருந்து பார்த்தால் தெளிவாக இருப்பார்கள். "என்ன ஆகப் போற?" என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். அந்த ஒரு கதவு மூடினால் மாட்டிக்கொள்வதும் இவர்கள்தான், ஏனென்றால் வேறு கதவு இருக்கிறதா என்று அவர்கள் தட்டிப் பார்த்ததே இல்லை. இதற்காக எல்லாரும் வருடக்கணக்கில் ஊர் சுற்ற முடியாது. அடுத்த மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் குடும்பத்தில் அவகாசம் என்பதே ஆடம்பரம். ஆனால் ப்ளஸ் ஒன் சேர்வதற்கு முன்னால் இரண்டு வாரம் பிள்ளையைப் பேசவிடலாம். அந்தத் துறையில் வேலை செய்யும் இரண்டு பேரைச் சந்திக்க வைக்கலாம். இது யாருக்கும் முடியும்.

கையில் கட்டும் கயிறு

தேடாமலே கிடைக்கும் அடையாளத்தில் மிக ஆபத்தானதை நம் பள்ளி வாசலிலேயே பார்த்தோம்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், ப்ளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீட்டில் வைத்தே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தாக்கியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே, 2019-ல், மாணவர்கள் சாதியைக் காட்ட வெவ்வேறு வண்ணங்களில் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போயிருந்தது. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடைமொழிகளை நீக்குவது போன்ற பரிந்துரைகள் இருந்தன. அறிக்கைக்கு அரசியல் எதிர்ப்பும் வந்தது.

இங்கே எரிக்சன் எழுதிய ஒரு விஷயம் பொருந்துகிறது. "நான் யார்" என்ற குழப்பத்தைத் தாங்க முடியாத வயதில், பிள்ளைகள் ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். நிறம், பின்னணி, உடை என்று சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்து மற்றவர்களைக் கொடூரமாக ஒதுக்குகிறார்கள். குழப்பத்திலிருந்து தப்பிக்க அது ஒரு வழி. இதைப் புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

14 வயதுப் பையனுக்கு ஒரு கயிறு என்ன கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெயர், கூட்டம், வீரம், எதிரி எல்லாமே ரெடிமேட். மார்க் வேண்டாம், திறமை வேண்டாம். வகுப்பில் எதிலும் பெயர் வாங்காத பிள்ளைக்கு அதன் ஈர்ப்பு புரியக்கூடியதே. சாதி வெறியை அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கவில்லை, பெரியவர்கள் கையில் கொடுத்தது அது. கயிறை அவிழ்ப்பது அவசியம். அவிழ்த்த கையில் வேறு என்ன கொடுக்கிறோம் என்பதும் கேள்வி. பி.டி. பீரியடைப் பிடுங்கி கணக்கு கிளாஸ் நடத்தும் பள்ளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கபடி டீம், என்.எஸ்.எஸ்., பறை, நாடகம் எல்லாமே ஒரு பிள்ளை "நான் இன்னார்" என்று சொல்லிக்கொள்ள இடம் தருபவை.

ஆளுமை மாறுமா, அப்படியே இருந்துவிடுமா?

"சின்ன வயசுல எவ்வளவு சொன்ன பேச்சு கேப்பான்!" என்ற புலம்பலுக்கு ஆதாரம் இருக்கிறது. 2011-ல் கிறிஸ்டோபர் சோட்டோவும் சக ஆய்வாளர்களும் 10 முதல் 65 வயது வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கொடுத்த பதில்களை அலசினார்கள். பொறுப்புணர்வும் மற்றவர்களோடு இணங்கிப் போகும் குணமும் குழந்தைப் பருவ முடிவிலிருந்து டீன் ஏஜின் தொடக்கத்துக்குப் போகும்போது குறைகின்றன. பிறகு மறுபடி ஏறுகின்றன. பெண் பிள்ளைகளிடம் இதே கட்டத்தில் பதற்றமும் கவலையும் கூடுவது தெரிந்தது.

இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, ஆளுமையில் மனிதர்களுக்குள் இருக்கும் வித்தியாசங்களில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது. கூச்ச சுபாவப் பிள்ளையைத் திட்டித் திட்டி மேடைப் பேச்சாளர் ஆக்க முடியாது. அதே நேரம் 13 வயதில் பார்க்கும் குணம்தான் ஆயுசுக்கும் என்று முத்திரை குத்துவதும் தப்பு. திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றோடு தொடர்புடைய மூளையின் முன்பகுதி 20-களின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

கதவைச் சாத்திக்கொள்வது, எதிர்த்துப் பேசுவது, வாரத்துக்கு ஒரு ஹேர்ஸ்டைல், திடீரென்று புது ஃப்ரெண்ட்ஸ். இவை தேடலின் பகுதி. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போவது, பிடித்த விஷயங்களையே விட்டுவிடுவது, நண்பர்களையும் ஒதுக்குவது, கையை அறுத்துக்கொண்ட தழும்பு, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு. இவற்றைத் தேடல் என்று விட்டுவிடக் கூடாது.

"சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்பது பிள்ளைக்குப் பேச ஒரு வழி திறக்கிறது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணையும், குழந்தைகள் உதவிக்கு 1098-ஐயும் அழைக்கலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்று இல்லை. "எம் பொண்ணுகிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியல" என்று அம்மாவோ அப்பாவோ கூட இந்த எண்களில் ஆலோசனை கேட்கலாம்.